எடை ஏத்தும்போது வெயிஸ்ட் ட்ரெயினர் கட்டினா வயிறு ஒட்டியே இருக்குமா?

[திரையில்: மூணு வரிசை கொக்கி வச்ச கறுப்பு பெல்ட். ரெண்டு கை அதை இழுத்து மாட்டுது.]

உடம்பு கொஞ்சம் பூசினாப்ல ஆகணும், ஆனா வயிறு மட்டும் வெளிய தள்ளக் கூடாது. ஒல்லியா இருக்கிறவங்க எடை ஏத்த ஆரம்பிக்கும்போது வர்ற முதல் கவலை இது. அப்பதான் வெயிஸ்ட் ட்ரெயினர், அதாவது வயித்தை இறுக்கிக் கட்டுற பெல்ட், கண்ணுல படும். "நாள் முழுக்க இதைக் கட்டிக்கிட்டுச் சாப்பிடுங்க, கொழுப்பு வயித்துல தங்காது, பின்புறத்துக்கும் தொடைக்கும் போயிடும்"னு ஒரு பேச்சு சுத்துது. அப்படி நடக்காது. ஏன் நடக்காது, பெல்ட்டுக்குள்ள என்ன நடக்குது, வயித்தைக் காப்பாத்திக்கிட்டே எடை ஏத்துறது எப்படின்னு வரிசையா பாக்கலாம்.

பெல்ட் லேடெக்ஸ்ல இருக்கும், இல்லன்னா நியோப்ரீன்ல. ரெண்டுமே ரப்பர் வகை. சுருண்டுக்காம நிக்கறதுக்காக உள்ள ஸ்டீல் இல்ல பிளாஸ்டிக் பட்டி வச்சுத் தைச்சிருப்பாங்க. கட்டின உடனே டேப் வச்சுப் பாத்தா ரெண்டு இன்ச் கம்மியா காட்டும். அந்த அளவு பொய் இல்ல. குடலும் இரைப்பையும் நகரக்கூடிய உறுப்புங்க, அழுத்தினா மேலயும் கீழயும் ஒதுங்கும். தோலுக்கு அடியில இருக்கிற கொழுப்பு பெல்ட்டோட ரெண்டு விளிம்புலயும் பிதுங்கும். அரிசி மூட்டைக்கு நடுவுல கயிறு போட்டு இறுக்கின கதைதான். நடு சிறுத்துடும், அரிசி ஒரு மணி கூடக் குறையாது. அவுத்தா தோல்ல கொக்கித் தடம் மிச்சம், கொஞ்ச நேரத்துல பழைய அளவு.

"ஆனா பெல்ட்டுக்குள்ள வேர்த்துக் கொட்டுதே, கொழுப்பு கரையாமலா வேர்க்கும்?"

வேர்க்கிறது ரப்பர் காத்தை அடைக்கிறதால. ஒரு லிட்டர் வேர்வை போனா தராசு ஒரு கிலோ குறைச்சுக் காட்டும், தண்ணி குடிச்சா திரும்பிடும். கொழுப்பு உடம்பை விட்டு எந்த வழியா போகுதுன்னு 2014-ல ஆஸ்திரேலியாவுல ரெண்டு பேர் கணக்குப் போட்டு வெளியிட்டாங்க. 10 கிலோ கொழுப்பு முழுசா எரிஞ்சா 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடா மூச்சுல வெளிய போகும், மீதி 1.6 கிலோதான் தண்ணியாகும். அப்ப முக்கால்வாசிக்கு மேல போறது மூக்கு வழியா. அந்த மூச்சைத்தான் இந்த பெல்ட் இறுக்குது.

[திரையில்: உடம்பின் வரைபடம். கொழுப்புச் செல்கள் மஞ்சள் புள்ளிகளாக.]

இப்ப முக்கியமான கேள்வி. வயித்தை அழுத்தி வச்சா, புதுசா சேர்ற கொழுப்பு வேற இடத்துக்குப் போகுமா?

சாப்பாட்டுல மிஞ்சின சக்தி ரத்தத்துல கொழுப்பா மிதந்து வரும். அதை எந்த இடத்துச் செல் எவ்வளவு வாங்கி வச்சுக்கும்னு முடிவு பண்றது பரம்பரையும் ஹார்மோனும். ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் இருக்கிற வயசுல பெண்களுக்குப் பின்புறம், தொடையில முதல்ல சேரும். மாதவிடாய் நின்ன பிறகு அதே பெண்ணுக்கு வயித்துக்கு மாறும். ஆண்களுக்குப் பெரும்பாலும் ஆரம்பத்துல இருந்தே வயிறுதான். வெளிய இருந்து அழுத்துறதால இந்தக் கணக்கு மாறாது. பெல்ட்டுக்கு அடியிலயும் ரத்தம் ஓடிக்கிட்டுதான் இருக்கு, செல்லும் தன் பங்கை வாங்கிக்கிட்டுதான் இருக்கு. அதுலயும் ஆபத்தான கொழுப்பு இன்னும் உள்ள, குடலைச் சுத்தி இருக்கு. அதுக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல ஒரு தசைச் சுவரே நிக்குது.

ஒரு இடத்துல வேலை கொடுத்தா அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் குறையும்ங்கிற நம்பிக்கையையும் சோதிச்சுப் பாத்துட்டாங்க. 1971-ல டென்னிஸ் ஆட்டக்காரங்களோட ரெண்டு கையையும் அளந்தாங்க. வருஷக்கணக்கா மட்டையைப் பிடிச்ச கை பெருசா இருந்துச்சு, ஆனா தோலுக்கு அடியில கொழுப்போட தடிமன் ரெண்டு கையிலயும் ஒண்ணுதான். 2011-ல இன்னொரு ஆய்வு: 6 வாரம் வயித்துக்கு மட்டும் பயிற்சி. வயித்துத் தசைக்குத் தாக்குப்பிடிக்கிற சக்தி கூடுச்சு, வயித்துக் கொழுப்பு குறையல. உழைக்கிற தசையே தன் மேல இருக்கிற கொழுப்பைக் கரைக்க முடியலன்னா, சும்மா இறுக்குற ரப்பரால எப்படி முடியும்?

இந்த மாதிரி இறுக்கிக் கட்டுறதையே சிகிச்சையாவும் சோதிச்சிருக்காங்க. உடல் பருமன் உள்ளவங்க முதல்ல கடுமையான டயட்ல எடை குறைச்சாங்க. பிறகு ஒரு பிரிவுக்கு மாசக்கணக்கா கார்செட், அதாவது இடுப்பை இறுக்குற உள்ளாடை, கட்டச் சொன்னாங்க. இது சுவீடன்ல நடந்து 2010-ல வெளியாச்சு. எடை திரும்ப ஏறாம இருக்க கார்செட் உதவல, பல பேரால சொன்ன நேரம் கட்டிக்கிட்டு இருக்கவும் முடியல.

எடை ஏத்த நினைக்கிறவங்களுக்கு இதுல இன்னொரு நஷ்டமும் இருக்கு. இரைப்பையை அழுத்தி வச்சா நாலு வாய்லயே வயிறு நிறைஞ்ச மாதிரி ஆயிடும். நீங்க கூடுதலா சாப்பிட வேண்டிய ஆள். ஒரு கையால சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டு இன்னொரு கையால இரைப்பையைப் பிடிச்சு அமுக்குற வேலை இது.

[திரையில்: இரைப்பை மேல்நோக்கித் தள்ளப்படும் காட்சி.]

தொல்லைகள்ல அதிகமா வர்றது நெஞ்செரிச்சல். வயித்துக்குள்ள அழுத்தம் ஏறினா இரைப்பையோட வாய் மேல தள்ளும், அமிலம் உணவுக்குழாய்க்குள்ள ஏறும். கிளாஸ்கோவுல, நெஞ்செரிச்சலே இல்லாதவங்க இடுப்புல ஒரு பெல்ட்டைக் கட்டிப் பாத்தாங்க. அவங்களுக்கே அமிலம் உணவுக்குழாயோட அடிப்பகுதிக்கு ஏறினது 2014-ல பதிவாச்சு. அடுத்தது தொடை. இடுப்பெலும்புக்குப் பக்கத்துல தொடையோட வெளிப்பக்கத்துக்குப் போற ஒரு நரம்பு இருக்கு. அது நசுங்கினா அந்த இடம் மரத்துப் போகும், எரியும், ஊசி குத்தும். பெல்ட்டோட கீழ் விளிம்பு எலும்புல உக்காந்தா இது வரும். லேடெக்ஸ் அலர்ஜி சிலருக்கு உண்டு. நம்ம ஊர் வெக்கையில வேர்க்குருவும் படர்தாமரையும் பெல்ட்டுக்கு அடியில சுலபமா பிடிக்கும்.

இடுப்புல ஒரே இடத்துல தினமும் இறுக்குறது நமக்குப் புதுசு இல்ல. பாவாடை நாடா இறுக்கி இறுக்கி இடுப்புல கறுத்துப் போன தடம் பல வீட்டு அம்மாக்களுக்கு இருக்கும். அந்தத் தடம் வருஷக்கணக்கா ஆறாத புண்ணா மாறி, அபூர்வமா தோல் புற்றுநோய் வரைக்கும் போயிருக்கு. அப்படிப்பட்ட ரெண்டு பெண்களைப் பத்தி 2024-ல மருத்துவ இதழ்ல எழுதியிருந்தாங்க. பயமுறுத்தச் சொல்லல. பெல்ட்டோ நாடாவோ, தடம் பதிஞ்ச இடத்துல தோல் உரிஞ்சு மாசக்கணக்குல ஆறலன்னா தோல் டாக்டர்கிட்ட காட்டணும்.

கல்யாணத்துக்கு, போட்டோவுக்கு ரெண்டு மூணு மணி நேரம் கட்டிக்கிறதுல தப்பு இல்ல. உள்ள மெல்லிசா ஒரு காட்டன் பனியன் போடுங்க. பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையணும். சாப்பிட்ட உடனே வேண்டாம், தூங்கும்போது வேண்டாம், ஜிம்முல வேண்டவே வேண்டாம். ஜிம்முல பளு தூக்குறவங்க கட்டுற தோல் பெல்ட் வேற ஜாதி. அதுல மூச்சை உள்ள இழுத்து வயித்தை பெல்ட் மேல தள்ளி முதுகுக்குப் பிடிமானம் எடுப்பாங்க, தூக்கி முடிச்சதும் தளர்த்திடுவாங்க. கர்ப்பிணிங்க, குடலிறக்கம், நெஞ்செரிச்சல், மூச்சுப் பிரச்சனை உள்ளவங்க வெயிஸ்ட் ட்ரெயினரைத் தொடவே கூடாது.

பிரசவத்துக்கு அப்புறம் துணியால வயித்தைக் கட்டுற வழக்கம் நம்ம வீடுகள்ல உண்டு. சிசேரியன் ஆனவங்களுக்கு ஆஸ்பத்திரியில கொடுக்கிற அகல பெல்ட் எழுந்து நடக்கும்போது வலியைக் குறைக்கும், அதோட வேலை அவ்வளவுதான். வயிறு உப்பியே இருந்தா, மல்லாக்கப் படுத்துத் தலையை லேசா தூக்கி, தொப்புளுக்கு மேலயும் கீழயும் நடுக்கோட்டுல விரலை வச்சுப் பாருங்க. ரெண்டு விரலுக்கு மேல பள்ளம் தெரிஞ்சா வயித்துத் தசை விலகியிருக்கலாம். பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்க. இறுக்கிக் கட்டினா அந்தத் தசைக்கு பலம் வராது.

[திரையில்: தட்டு, தராசு, இன்ச் டேப்.]

சரி, வயிறு தள்ளாம எடை ஏத்துறது எப்படி?

முதல்ல ஒரு உண்மையை ஒத்துக்கணும். எடை ஏறும்போது கொஞ்சம் கொழுப்பும் ஏறும். நம்ம கையில இருக்கிறது அது எவ்வளவுங்கிறது. நமக்கு இதுல கவனம் கூடுதலா வேணும், ஏன்னா ஒல்லியா தெரியுற இந்திய உடம்புலயே கொழுப்பு ஒளிஞ்சிருக்கும். புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல லான்செட் இதழ்ல தங்களையே உதாரணமா வச்சாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுங்கிற கணக்கு, 22.3. யுட்கின் உடம்புல கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்.

ஒரு கிலோ உடல் கொழுப்புல சுமார் 7,700 கலோரி இருக்கு. தினமும் தேவைக்கு மேல 1,000 கலோரி சாப்பிட்டா மாசம் 30,000 கலோரி மிஞ்சும், கிட்டத்தட்ட நாலு கிலோ. ஆனா புதுசா பயிற்சி எடுக்கிறவங்களுக்கே மாசத்துக்கு அரை கிலோவுல இருந்து ஒரு கிலோ வரைக்கும்தான் தசை வளரும். மிச்சம் எல்லாம் கொழுப்பு. வெயிட் கெயினர் டப்பாவையும் நெய்யும் வாழைப்பழமும் அடிச்ச ஷேக்கையும் நம்பி வேகமா ஏத்துறவங்களுக்குத் தொப்பை விழுறது இப்படித்தான். தேவைக்கு மேல 250-லிருந்து 300 கலோரி போதும். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வேர்க்கடலையும் ஒரு வாழைப்பழமும் சேர்ந்தா அந்தக் கணக்கு சரியா வந்துடும். 50 கிலோ ஆளுக்கு வாரத்துக்கு 125 கிராம்ல இருந்து 250 கிராம் ஏறினா நல்ல வேகம்.

புரோட்டீன், உடல் எடையில ஒரு கிலோவுக்கு 1.6 கிராம். 50 கிலோன்னா 80. காலையில ரெண்டு முட்டை, மூணு இட்லி, சாம்பார்: 20 கிராமுக்குப் பக்கம். மத்தியானம் சமைச்ச கோழிக்கறி 100 கிராம்: 28. சாயந்தரம் அந்த வேர்க்கடலையும் ஒரு டம்ளர் பாலும்: 14. ராத்திரி 100 கிராம் பன்னீர்: 18. வந்துடுச்சு 80. சைவம்னா கோழிக்குப் பதிலா 50 கிராம் காய்ஞ்ச மீல் மேக்கர் 25 கிராம் கொடுக்கும். சிறுநீரகத்துல பிரச்சனை இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம இந்த அளவுக்குப் போகக் கூடாது.

அடுத்தது பயிற்சி. இடுப்பு சின்னதா தெரியுறது அதுக்கு மேலயும் கீழயும் என்ன இருக்குங்கிறதைப் பொறுத்தது. தோள், முதுகு, பின்புறம், தொடை இந்த நாலும் தசை வச்சா, அதே 28 இன்ச் இடுப்பு கண்ணுக்கு ஒடிசலா தெரியும். வெயிஸ்ட் ட்ரெயினர் கொடுக்கிறதா சொல்ற வடிவத்தை நிஜமா கொடுக்கிறது இதுதான். வாரம் மூணு நாள், ஸ்குவாட் (உக்காந்து எழுறது), ஹிப் த்ரஸ்ட் (முதுகைச் சாய்ச்சு இடுப்பை மேல தூக்குறது), டம்பெல் ரோ (குனிஞ்சு எடையை இடுப்புப் பக்கம் இழுக்கிறது), ஷோல்டர் பிரஸ் (தோள்ல இருந்து எடையை மேல தள்ளுறது). ஒவ்வொண்ணும் 3 செட், செட்டுக்கு 8-லிருந்து 12 தடவை. மூணு செட்லயும் 12 வந்துடுச்சுன்னா அடுத்த வாரம் தூக்குற எடையைக் கூட்டுங்க. வீட்டுல செய்யறவங்க தோள் பைக்குள்ள 5 கிலோ அரிசிப் பையைப் போட்டுக்கலாம். பல மாசமா அதே எடையைத் தூக்கிக்கிட்டு இருந்தா சாப்பிட்டது தசைக்குப் போகாது. எடை ஏத்துறவங்க தடுக்கி விழுற இடம் பெரும்பாலும் இதுதான்.

[திரையில்: தரையில் படுத்து டெட் பக் செய்து காட்டுதல்.]

வயித்துக்கு டெட் பக். வயித்தைச் சுத்தி குறுக்கா ஓடுற ஆழமான தசை ஒண்ணு இருக்கு, நமக்கு உடம்போட பிறந்த பெல்ட் அது. அதுக்கு வேலை கொடுக்கிற பயிற்சி இது. மல்லாக்கப் படுங்க. கை ரெண்டும் மேல நோக்கி, முட்டி 90 டிகிரி மடங்கி இடுப்புக்கு நேரா. மூச்சை விட்டுக்கிட்டே வலது கையையும் இடது காலையும் மெதுவா தரைப் பக்கம் இறக்கி, திரும்பக் கொண்டு வாங்க. அப்புறம் எதிர்ப்பக்கம். பக்கத்துக்கு 8 வீதம் 3 செட். இடுப்புக்கு அடியில இடைவெளி விழுந்தா கால் அளவுக்கு மீறி இறங்குதுன்னு அர்த்தம். முட்டியை நீட்டாம குதிகாலால மட்டும் தரையைத் தொடுங்க. இது கொழுப்பைக் கரைக்காது, ஆனா தொங்கி நிக்கிற வயித்தை உள்ள இழுத்துப் பிடிக்கும்.

கடைசியா டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்போட உச்சிக்கும் நடுவுல, மூச்சைச் சாதாரணமா வெளிய விட்டதும் அளக்கணும். காலையில பாத்ரூம் போயிட்டு வந்து, வெறும் வயித்துல. முதல் வாரம் ஒரு கிலோ ஏறி வயிறு உப்பினா பதறாதீங்க. கூடுதல் சாப்பாடு குடல்ல இருக்கும், உப்பு தண்ணியைப் பிடிச்சு வைக்கும், தசையில சேர்ற ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடயும் (உடம்பு சேமிச்சு வைக்கிற சர்க்கரை) சுமார் 3 கிராம் தண்ணி சேரும். மாதவிடாய்க்கு முன்னாடி வர்ற உப்புசத்தால பெண்களுக்கு வாரக்கணக்கு ஏமாத்தும், அதனால போன மாதவிடாய்ச் சுழற்சியில இதே நாள் எடுத்த அளவோட ஒப்பிடுங்க.

இடுப்பு அளவோட மார்பு, தொடை அளவையும் பக்கத்துலயே எழுதி வைங்க. நாலு வாரத்துல மார்பும் தொடையும் ஏறி இடுப்பு அப்படியே இருந்தா எதையும் மாத்தாதீங்க. இடுப்பு மத்த ரெண்டையும் முந்தினா தினமும் 100-லிருந்து 150 கலோரி குறைங்க, வாழைப்பழத்தை நிறுத்தினாலே சரியாயிடும். இடுப்பு அளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் தாண்டினா எடை ஏத்துறதை அங்கயே நிறுத்துங்க. புரோட்டீனையும் பயிற்சியையும் விடாம, டேப் அந்தக் கோட்டுக்குக் கீழ இறங்குற வரைக்கும் கூடுதல் கலோரி வேண்டாம்.