மூச்சு வாங்கவில்லை, ஆனாலும் கால் ஏன் வலிக்கிறது? நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறுகிறவர்கள் கவனிக்க!

[திரையில்: தஞ்சாவூர் புது ஆற்றங்கரை, விடியற்காலை, மஃப்ளர் கட்டிக்கொண்டு நடப்பவர்கள்]

வணக்கம் மக்களே! ஓட ஆரம்பித்து மூன்றாவது, நான்காவது வாரத்தில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் கையைத் தூக்குங்கள். முதல் வாரம் தெருமுனை தாண்டுவதற்குள் இரைத்தது, அப்புறம் இரைப்பு குறைந்தது, சரி, நாம்தான் தேறிவிட்டோமே என்று வேகத்தைக் கூட்டினீர்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள். ஏன் என்று நம்ம மேட்டூர் அணையை வைத்தே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் போரடிக்கிற பகுதி, ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். நடக்கும்போது ஒரு காலாவது தரையில் இருக்கும். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் நடுவில் இரண்டு காலும் அந்தரத்தில். இறங்கும்போது ஒற்றைக் கால் தாங்குகிற விசை உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு. 70 கிலோ ஆளென்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

[திரையில்: டெல்டா வரைபடம்]

இப்போது மேட்டூர். வழக்கமாக ஜூன் 12 அன்று அணை திறப்பு, தண்ணீரில் பூ தூவுகிறார்கள், டிவியில் காட்டுகிறார்கள். அன்றைக்கே திருத்துறைப்பூண்டி தாண்டி தலைஞாயிறு பக்கம் இருக்கிறவர் வயலில் தண்ணீர் நிற்குமா? கல்லணை வந்து சேரவே சில நாள் பிடிக்கும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்துவிட்டு, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கன்னி வாய்க்காலாகி, கடைமடைக்காரர் மண்வெட்டியோடு மடையில் காத்துக்கொண்டிருப்பார். உங்கள் உடம்பும் அதே மாதிரிதான். இதயமும் ரத்த ஓட்டமும் தலைமடை, சில வாரத்திலேயே பலன் தெரிந்துவிடும். தசை அடுத்தது. தசையை எலும்போடு கட்டிவைக்கிற தசைநாரும், எலும்பும் கடைமடை, மாதக்கணக்கில் ஆகும். தசைநாருக்கு ரத்த ஓட்டமே குறைவு. எலும்பு கதை இன்னும் வேடிக்கை, எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயமே இதுதான்: பாரம் கூடினால் எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும், ஆனால் முதலில் பழையதைக் கரைத்துவிட்டுத்தான் புதிதை வைக்கும். அந்த நடுவாந்தரத்தில் சில வாரம் முன்பைவிடச் சற்றுப் பலவீனமாகவே இருக்கும். தூர் வாரிக்கொண்டிருக்கும்போதே மதகை முழுசாகத் தூக்கினால் கரை நிற்குமா? மூன்றாவது வாரத்தில் நீங்கள் செய்தது அதுதான்!

(சப்ஸ்கிரைப் பட்டனுக்கு வார்ம் அப் தேவையில்லை, நேரடியாக அழுத்தலாம்.)

சரி, எப்படி ஆரம்பிப்பது? 1996-இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் போட்ட 'கவுச் டு 5கே' (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டர் ஓட்டம் வரை) திட்டம் இன்றைக்கும் உலகம் முழுக்க ஓடுகிறது. ஒன்பது வாரம், வாரத்துக்கு மூன்றே நாள். முதல் வாரம் 5 நிமிடம் வேகநடை, அப்புறம் 60 வினாடி மெல்லோட்டம், 90 வினாடி நடை, இப்படி மாற்றி மாற்றி 20 நிமிடம். அவ்வளவுதானா என்று கேட்பீர்கள். அவ்வளவுதான். ஆனால் ஐந்தாவது வாரக் கடைசியில் நிற்காமல் 20 நிமிடம் ஓடச் சொல்வார், அதற்கு முந்தைய ஓட்ட நாளில் 8 நிமிடம் ஓடி, நடுவில் நடந்து, இன்னொரு 8 நிமிடம்தான் ஓடியிருப்பீர்கள். என்னைக் கேட்டால், முடியாவிட்டால் அதே வாரத்தை இன்னொரு முறை ஓடுங்கள், ஒன்பது வாரம் பதினைந்தானால் யாரும் அபராதம் போடப்போவதில்லை.

வேகம்? பக்கத்தில் வருகிறவரிடம் குறுவைக்கு என்ன விலை கிடைத்தது என்று முழு வாக்கியமாகக் கேட்க முடிய வேண்டும். திணறினால் வேகம் அதிகம். வேகமாக நடக்கிறவர் உங்களைத் தாண்டிப் போவார், போகட்டும்.

முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்ஓரமாக விரலால் அழுத்திப் பாருங்கள். நீளமாகப் பரவி வலித்தால் சில நாள் ஓட்டத்தை நிறுத்தி நடையோடு இருங்கள். ஒரே புள்ளியில் சுள்ளென்று குத்தி, நடந்தாலும் வலித்தால் டாக்டரைப் பாருங்கள், தைலம் தேய்த்துக்கொண்டு ஓடாதீர்கள். இதயப் பிரச்சினை, பிரஷர், சுகர் இருக்கிறவர்கள் ஆரம்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இடத்துக்கு நமக்குப் பஞ்சமே இல்லை, மேடு பள்ளம் இல்லாத ஊர். திருவாரூர்க்காரர்களுக்குக் கமலாலயம், மன்னார்குடிக்காரர்களுக்கு ஹரித்ராநதி, இரண்டு குளத்தையும் சுற்றி வரலாம். வரப்பில் மட்டும் வேண்டாம், கணுக்கால் பிசகும். சம்பா அறுவடை சமயத்தில் ரோட்டில் பாதி நெல் காய்ந்துகொண்டிருக்கும், அதன் மேல் ஓடினால் வழுக்குவதோடு திட்டும் விழும்.

நாய் துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, முதுகு காட்டாமல் மெதுவாக விலகுங்கள், அன்றைய 60 வினாடிக் கணக்கு போனால் போகட்டும். உங்கள் ஊர்க் கரையில் எந்த மதகுப் பக்கம் நாய்த் தொல்லை என்று கமெண்ட்டில் போடுங்கள், மற்றவர்களுக்கும் உதவும்.