லிங்க் பெட்டியும் ஒரு நண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் விமானிகள் லட்சக்கணக்கில் உட்கார்ந்து விமானம் ஓட்டப் பழகிய பெட்டி ஒன்று உண்டு. பார்க்கப் பொம்மை விமானம். தரையை விட்டு எழும்பாது. அமெரிக்காவில் பிங்காம்டன் ஊரில் எட்வின் லிங்க் என்பவருடைய அப்பா பியானோவும், காற்றால் ஒலிக்கும் ஆர்கன் என்ற இசைக்கருவியும் செய்து விற்றவர். அந்த ஆர்கன் துருத்திகளை வைத்தே மகன் 1929இல் இந்தப் பெட்டியை ஆடவும் சாயவும் வைத்தார். விமானப் பள்ளிகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வாங்கியவர்கள் பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்காரர்கள்!

1934இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமக்கப் போய், மோசமான வானிலையில் சில வாரங்களுக்குள் பல பேர் விழுந்து செத்தார்கள். அப்புறம்தான், வெளியே எதுவும் தெரியாதபோதும் மீட்டர்களைப் பார்த்தே ஓட்டப் பழக, ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது, ஒன்று 3,500 டாலர் விலையில்.

எனக்கு இதில் பிடித்தது பெட்டியைவிட அதன் கூட்டாளிதான். ஆசிரியரின் மேஜைமேல் மூன்று சக்கரத்தில் ஊரும் சின்னக் கருவி. அதை நண்டு என்றே கூப்பிட்டார்கள். மூடிய பெட்டிக்குள் மாணவனுக்கு மீட்டர்களும், காதில் வழிகாட்டும் ரேடியோ ஒலியும் மட்டும்தான். அவன் திரும்பத் திரும்ப, நண்டு வரைபடத்தில் மைக்கோடு இழுத்துக்கொண்டே போகும். கோடு எங்கே போகிறதோ அதற்கேற்ப ஆசிரியர் ரேடியோ ஒலியை மாற்றுவார். ஆட்டம் முடிந்து மூடி திறந்ததும், "நேராத்தான் வந்தேன் சார்" என்று சாதிக்க வழியில்லை.

நிஜ விமானத்தில் நண்டு கிடையாதே! பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் இரவில் எடுத்த படங்களை 1941இல் ஆராய்ந்தார்கள். இலக்கைத் தாக்கியதாகக் கணக்கில் இருந்தவற்றில் மூன்றில் ஒன்றுதான் அதன் ஐந்து மைலுக்குள் போயிருந்தது. விமானிகள் பொய் சொல்லவில்லை. இருட்டில், காற்று தள்ளியது தெரியாமல், போய்ச் சேர்ந்துவிட்டதாகவே நம்பினார்கள்.

லிங்க் அதே ஆண்டில் கடல்வழிக் கணக்கில் கெட்டிக்காரரான வீம்ஸ் என்பவருடன் சேர்ந்து இன்னொன்று செய்தார். 45 அடி உயரக் கூண்டு, மேலே விளக்குகளால் ஆன நட்சத்திர வானம். விமானியும், வழி கணிக்கும் நேவிகேட்டரும், குண்டுவீசுபவரும் ஒன்றாக ஏறுவார்கள். பொழுது ஓட ஓட, 'விமானம்' நகர நகர, வானமும் அதற்கேற்ப நகரும். நேவிகேட்டர் செக்ஸ்டன்ட் என்ற கோணம் அளக்கும் கருவியால் நட்சத்திரத்தின் உயரம் அளந்து இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகப் போட்டால் நடுக்கடல்தான். ஆனால் கதவைத் திறந்தால் வெளியே நல்ல வெயில், அடுத்த குழு ஏறுவதற்குக் காத்திருக்கும்.