கெல்லி பார்ன்ஸ் அணை: பொழுதுபோக்கு ஏரியின் மண் கரையை எப்படிப் பார்ப்பது?

[காட்சி: ஜார்ஜியா மாநில வரைபடம். வடகிழக்கு மூலையில் டொக்கோவா நகரம்.]

1977 நவம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. அதிகாலை ஒன்றரை மணி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், டொக்கோவா நகருக்கு அருகே கெல்லி பார்ன்ஸ் என்ற மண் அணை உடைந்தது. உயரம் சுமார் 12 மீட்டர், நீளம் சுமார் 120 மீட்டர். அது தேக்கி வைத்திருந்தது 40 ஏக்கர் ஏரி. தண்ணீர் 57 மீட்டர் உயரமுள்ள டொக்கோவா அருவியில் விழுந்து, கீழே இருந்த விவிலியக் கல்லூரி வளாகத்துக்குள் பாய்ந்தது. குடும்பங்கள் உறங்கிக்கொண்டிருந்த டிரெய்லர் வீடுகளை அடித்துச் சென்றது. 39 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அவர்களில் உண்டு.

அணைகளின் உலகத்தில் இது மிகச் சிறியது. ஆனால் ஓர் அணை எவ்வளவு ஆபத்தானது என்பதை அதன் உயரம் சொல்வதில்லை. அதற்குக் கீழே யார் வசிக்கிறார்கள், அணையின் மேல் யாருடைய கண் இருக்கிறது, இந்த இரண்டையும்தான் முதலில் கேட்க வேண்டும்.

[காட்சி: கரையின் குறுக்குவெட்டுப் படம். நடுவில் பழைய கல் அணை, அதைச் சுற்றி மண்.]

1899இல் அந்த இடத்தில் மரச்சட்டங்களுக்குள் கல் நிரப்பிய சிறு அணை ஒன்று கட்டப்பட்டது. நோக்கம் மின்சாரம். பிறகு கல்லூரி நிர்வாகம் அதன்மேல் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கரை மேலும் உயர்த்தப்பட்டது. 1957இல் மின் உற்பத்தி நின்றது. அதற்குப் பிறகு அது வெறும் பொழுதுபோக்கு ஏரி.

இந்த மாற்றத்தைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். மின் நிலையம் ஓடும்வரை அணைக்கு யாராவது போயாக வேண்டும். மதகைத் திறந்து மூட வேண்டும். கோளாறு வந்தால் வேலை நிற்கும், உடனே தெரியும். மீன் பிடிக்கவும் படகு விடவும் மட்டுமே ஏரி என்று ஆன பின், தண்ணீர் நிறைந்திருந்தால் போதும், எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும். அமெரிக்காவின் தேசிய அணைப் பதிவேட்டில் 90,000க்கும் அதிகமான அணைகள் உள்ளன. அவற்றில் அதிகமானவற்றின் முதன்மை நோக்கமாகக் குறிக்கப்பட்டிருப்பது பொழுதுபோக்குதான். கணிசமானவை தனியாருக்கோ, ஏரியைச் சுற்றி வீடு கட்டியவர்களின் சங்கத்துக்கோ சொந்தமானவை.

கெல்லி பார்ன்ஸ் ஏன் உடைந்தது? உடைவதற்கு முந்தைய நாட்களில் கனமழை பெய்தது. சில நாட்களில் சுமார் 180 மில்லிமீட்டர். ஆனால் விசாரணைக் குழு மழையோடு நிற்கவில்லை. ஒரே காரணத்தைச் சுட்ட முடியாது என்று சொல்லிவிட்டு, கூட்டாக வேலை செய்த பல காரணங்களைக் காட்டியது. கரையின் வெளிச்சரிவு ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று, அதாவது ஒரு மீட்டர் ஏறினால் ஒரு மீட்டர்தான் நீளும். மண் கரைக்குப் பொதுவாக ஒரு மீட்டருக்கு இரண்டரை, மூன்று மீட்டர் நீட்டம் தருவார்கள். இன்னொன்று, 1973இல் எடுத்த ஒரு புகைப்படம். அதில் வெளிச்சரிவில் சுமார் மூன்றரை மீட்டர் உயரத்துக்கும் ஒன்பது மீட்டர் அகலத்துக்கும் மண் சரிந்து கிடப்பது தெளிவாகத் தெரிகிறது. அணை உடைவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே கரை தன் நோயை வெளியில் காட்டிவிட்டது. முறையான பொறியியல் வரைபடம் எதுவும் குழுவுக்குக் கிடைக்கவில்லை.

[காட்சி: கரைக்குள் நீர் ஊடுருவும் கோடு, நீல நிறத்தில் மெல்ல இறங்குகிறது.]

மண் அணை என்பது தண்ணீரே புகாத சுவர் அல்ல. எல்லா மண் கரைக்குள்ளும் நீர் ஊர்ந்துகொண்டேதான் இருக்கும். நல்ல அணையில் அது மெதுவாக, மண்ணைக் கிளப்பாமல், மணலும் சரளையும் இட்ட வடிகட்டி வழியாக அடிவாரத்தில் வெளியேறும். ஆகவே அடிவாரத்தில் ஈரத்தைப் பார்த்தவுடன் அலற வேண்டாம். வெளியே வரும் நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால், அளவு மாறாமல் இருக்கிறதா என்று தொடர்ந்து கவனியுங்கள். ஒரு வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று ஏரியின் நீர்மட்டத்தோடு சேர்த்து மாதாமாதம் எழுதி வைத்தால் போதும். கலங்கலாக இருந்தால் நிலைமை வேறு. கலங்கல் என்றால் கரையின் மண் வெளியேறுகிறது என்று பொருள். உள்ளே ஒரு துளை உருவாகி, வெளிப்பக்கத்திலிருந்து ஏரியை நோக்கிப் பின்னோக்கி வளர்கிறது. அது ஏரியைத் தொட்டுவிட்டால் மிஞ்சுவது சில மணி நேரமாகவும் இருக்கலாம்.

இந்த உள்ளரிப்புக்குப் பிடித்த பாதை, கரையைக் குறுக்காகத் துளைத்துச் செல்லும் குழாய். குழாயை ஒட்டிய மண்ணைச் சரியாக இறுக்குவது கடினம். சிறு ஏரிகள் பலவற்றில் நெளிவுத் தகட்டுக் குழாய்களே போடப்பட்டன. சில பத்தாண்டுகளில் அவை துருப்பிடித்து ஓட்டையாகும். கரையின் மேல்பரப்பில் கிணறு போன்ற சிறு பள்ளம் தெரிந்தால், அடியில் குழாய் மண்ணை விழுங்குகிறது என்று சந்தேகியுங்கள்.

மரங்களைப் பற்றிச் சொன்னால் வருத்தப்படுவார்கள் என்று தெரியும். நிழலுக்காகக் கரையில் மரம் வளர்ப்பவர்களுக்கு நல்லெண்ணம் உண்டு. ஆனால் மரம் செத்தால் வேர் மக்கி நீருக்கு வழி விடும். புயலில் சாய்ந்தால் வேரோடு கரையையும் பெயர்த்துக்கொண்டு போகும். பெரிய மரத்தை வெட்டிவிட்டு வேரை அப்படியே விடுவதும் ஆபத்தே. பொறியாளரைக் கேட்டு, வேரை எடுத்து, மண்ணை இறுக்கி நிரப்ப வேண்டும். கரைக்கு ஏற்றது வெட்டிப் பராமரித்த புல். புல் குட்டையாக இருந்தால்தான் விரிசலும் விலங்குகளின் வளையும் கண்ணில் படும்.

[காட்சி: கலிங்கு. அதன் வாயில் சிக்கிய மரக்கிளைகள்.]

உபரி நீர் வெளியேறும் கலிங்கு அடைபட்டால் நீர் கரையின் தலைக்கு மேல் வழியும். மண் கரை அதைத் தாங்காது. 1889 மே 31 அன்று பென்சில்வேனியாவில் ஜான்ஸ்டவுன் நகரை அழித்து 2,209 பேரைக் கொன்ற சவுத் ஃபோர்க் அணையும் பணக்காரர்களின் மீன்பிடி, வேட்டைச் சங்கத்தின் பொழுதுபோக்கு ஏரிதான். மீன்கள் தப்பாமலிருக்கக் கலிங்கில் வலை பொருத்தியிருந்தார்கள். வெள்ளத்தில் அதில் குப்பை அடைந்தது. வண்டிகள் போக வசதியாகக் கரையின் உச்சியையும் தாழ்த்தியிருந்தார்கள். ஏரியின் அடியிலிருந்து நீரை வெளியேற்றும் அடிமதகுக் குழாய்கள் முன்பே அகற்றப்பட்டிருந்ததால் நீரைக் குறைக்கவும் வழி இல்லை.

அடிமதகு இருக்கும் அணையிலும் எச்சரிக்கை தேவை. பயந்துபோய் ஏரியை ஒரே மூச்சில் வடித்தால், ஈரத்தில் ஊறிய உட்சரிவு, அதாவது ஏரிப் பக்கச் சரிவு, தாங்கிப் பிடிக்க நீர் இல்லாமல் சரியக்கூடும். எவ்வளவு வேகத்தில் குறைப்பது என்பதைப் பொறியாளர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

டொக்கோவாவுக்குப் பிறகு அதிபர் ஜிம்மி கார்ட்டர், மத்திய அரசுக்குச் சொந்தமில்லாத, ஆபத்து மிகுந்த அணைகளை ஆய்வு செய்ய உத்தரவிட்டார். ராணுவப் பொறியாளர் படை 1978 முதல் 1981 வரை சுமார் 8,800 அணைகளைப் பார்த்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை என்று கண்டது. மிகப் பரவலான குறை, போதாத கலிங்கு. ஜார்ஜியா 1978இல் பாதுகாப்பான அணைகள் சட்டத்தை இயற்றியது.

[காட்சி: ஒரே ஏரியின் இரு படங்கள். இரண்டாவதில் கரைக்குக் கீழே புதிய வீடுகள்.]

அந்தச் சட்டப்படி, உடைந்தால் உயிர்ச்சேதம் ஏற்படக்கூடிய அணை முதல் வகை. மற்றது இரண்டாம் வகை. இந்தப் பிரிவுக்கும் கரையின் தற்போதைய நிலைக்கும் தொடர்பில்லை; மிக நன்றாகப் பராமரித்த அணையும் முதல் வகையில் இருக்கலாம். இரண்டாம் வகை அணைக்குக் கீழே யாரோ ஒருவர் ஓடைக்கரையில் வீடு கட்டினால், ஏரிக்காரர் ஒரு கல்லைக்கூட நகர்த்தாமலே அவருடைய அணை முதல் வகைக்கு ஏறிவிடும். ஏரிச் சங்கத்தில் உறுப்பினரானால், கரையை மட்டும் நடந்து பார்த்துத் திரும்பாதீர்கள். ஓடை வழியே கீழேயும் போங்கள். அங்கே இருக்கும் வீடுகளைக் குறித்து, தொலைபேசி எண்களை வாங்கி, அவசரகாலத் திட்டத்தில் எழுதுங்கள். இரவு ஒன்றரை மணிக்குக் கலங்கல் நீர் வந்தால் முதலில் எந்த வீட்டை எழுப்புவது, யார் எழுப்புவது என்பது அந்தத் தாளில் இருக்கட்டும்.