ஸ்டுட்கார்ட் நகரத்துச் சாப்பாட்டு மேசைகள்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஜெர்மனிக்கு வந்து சேரும் நம்மவர்கள், வெளியே சாப்பிடுவதென்றால் பெரும்பாலும் இந்திய உணவகத்தையோ இலங்கைத் தமிழர் கடையையோ, அதுவும் அருகில் இல்லையென்றால் ஒரு பீட்சாக் கடையையோதான் தேடிப் போகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து சாப்பிடும் பழைய உணவகங்களுக்குள் நுழைய ஒரு தயக்கம் இருக்கிறது. அங்கே நமக்கேற்ற சாப்பாடு கிடைக்காது, பரிமாறுகிறவர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், போய் உட்கார்ந்தாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்ற பேச்சு, புதிதாக வருகிறவர்களின் காதில் முதல் வாரத்திலேயே விழுந்துவிடுகிறது. தென்மேற்கு ஜெர்மனியில் உள்ள ஸ்டுட்கார்ட்டில் குடும்பத்தோடு வாழ்ந்துவரும் எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. அங்கே அலட்சியமாகத் தோன்றுவதில் பெரும்பகுதி, சாப்பிட வந்தவருக்குக் கொடுக்கப்படும் மதிப்புதான் என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கான காரணங்களைச் சொல்லவே இந்த உரை.

ஸ்டுட்கார்ட்டைக் கார்த் தொழிற்சாலைகளின் ஊராகவே உலகம் அறியும். ஆனால் மலைச்சரிவுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்த இந்த நகருக்குள் திராட்சைத் தோட்டங்கள் இறங்கி வருகின்றன. முதன்மை ரயில் நிலையத்துக்கு அருகிலேயே ஒரு தோட்டம் உண்டு. அதனால் இங்கே பழைய உணவகம் என்றாலே அது பெரும்பாலும் வைன்ஷ்டூபே எனப்படும் திராட்சை மது விடுதியாகத்தான் இருக்கும். ஒரு காலத்தில் கைவினைஞர்களும் தோட்டக்காரர்களும் குடியிருந்த போனன்ஃபியர்டெல் பகுதியின் குறுகிய தெருக்களில் இத்தகைய விடுதிகளை இன்றும் காணலாம். தாழ்வான கூரை, சுவரை ஒட்டி மரப்பலகை இருக்கைகள், விரிப்பில்லாத தடித்த மேசைகள், கையெழுத்தில் எழுதிய அன்றைய உணவுப் பட்டியல் என்ற அளவில் எளிமையானவை அவை.

உள்ளே நுழைந்ததும் நம்மை வரவேற்று இடம் காட்ட ஆள் வருவதில்லை. ‘முன்பதிவு’ என்ற அட்டை இல்லாத மேசையாகப் பார்த்து நாமே உட்கார வேண்டும். காலியான மேசை எதுவும் இல்லையென்றால், ஏற்கெனவே ஆட்கள் இருக்கும் மேசையின் ஓரத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டு உட்காரலாம். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு மூலையில் மட்டும் பித்தளைச் சின்னமோ செதுக்கிய மரப்பலகையோ வைத்த மேசை ஒன்று இருக்கும். அது வாடிக்கையாக வரும் உள்ளூர்க்காரர்களுக்கு உரிய ஷ்டம்டிஷ். அங்கே அழைப்பில்லாமல் அமரக் கூடாது. அந்த மேசைக்கு வருகிற முதியவர் ஒவ்வொருவரிடமும் கை குலுக்குவதில்லை. விரல் கணுக்களால் மேசைப் பலகையை இரண்டு முறை தட்டுகிறார், எல்லோரும் தலையசைக்கிறார்கள், வணக்கம் முடிந்துவிடுகிறது.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் புதியவர்களுக்கு உண்மையான மனக்குறை தொடங்குகிறது. தட்டை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வருவதே இல்லை. நாமாகக் கேட்காதவரை பில் வராது. நமது ஊர் ஓட்டல்களில் இலையை மடிப்பதற்குள் பில் வந்துவிடுவதும், பின்னால் ஒருவர் நம் நாற்காலியைப் பிடித்தபடி காத்திருப்பதும் பழகிப்போனவர்களுக்கு, இது புறக்கணிப்பாகவே தெரியும். ஆனால் கேளாமல் பில்லை நீட்டுவது, எழுந்து போகச் சொல்வதற்குச் சமம் என்று இங்குள்ளவர்கள் கருதுகிறார்கள். ஒரு தட்டு உணவும் ஒரு குவளைப் பானமும் வாங்கிய மனிதருக்கு அந்த மேசை அந்த மாலை முழுவதும் சொந்தம். அவர் பேசலாம், படிக்கலாம், வெறுமனே சன்னலைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். பரிமாறுகிறவரின் பிழைப்பு நம் அன்பளிப்பை மட்டும் நம்பியதல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2015 ஜனவரியில் மணிக்கு 8.50 யூரோ என்று தொடங்கிய தேசியக் குறைந்தபட்ச ஊதியம் பிறகு பலமுறை உயர்த்தப்பட்டு, அவர்களுக்கும் பொருந்துகிறது. நிமிடத்துக்கொரு முறை வந்து புன்னகைக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. அதனால்தான் கூப்பிட்டால் வருகிறார்கள், கூப்பிடாதபோது விட்டுவிடுகிறார்கள்.

பணம் கொடுக்கும் முறையும் நேருக்கு நேரானது. பரிமாறியவரே தடித்த தோல் பணப்பையுடன் மேசைக்கு வந்து, சேர்த்தா தனித்தனியாகவா என்று கேட்கிறார். தனித்தனி என்றால், யார் எதைச் சாப்பிட்டார்கள் என்பதைப் பொறுமையாக ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கூட்டித் தருகிறார். அன்பளிப்பை மேசையில் வைத்துவிட்டுப் போவதில்லை. பில் 19 யூரோ 40 சென்ட் என்றால் ‘21’ என்று சொல்லிப் பணத்தை நீட்டினால் மீதியை எண்ணித் தருவார். எல்லோருக்குமாக ஒருவரே கொடுக்கத் துடிக்கும் நம் பழக்கம் மனதுக்கு இதமானதுதான். ஆனால் சம்பளத்தில் ஏற்றத்தாழ்வு உள்ள சக ஊழியர்கள் ஒரே மேசையில் கூச்சமின்றி அடிக்கடி கூடுவதற்கு இந்தத் தனித்தனிக் கணக்கு பெரிதும் உதவுகிறது என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியாத ஒன்று உண்டு, அது தண்ணீர். ஸ்டுட்கார்ட்டின் குழாய்களில் வருவது கான்ஸ்டன்ஸ் ஏரியிலிருந்து குழாய் வழியே கொண்டுவரப்படும் நீர் உள்ளிட்ட தரமான குடிநீர். இருந்தும் உணவகத்தில் தண்ணீர் கேட்டால் விலைக்கு விற்கும் புட்டிதான் வருகிறது, அதுவும் வேறு சொல்லாவிட்டால் வாயு அடைத்ததாக. சாப்பிட உட்கார்ந்தவருக்கு முதலில் தண்ணீர் வைப்பது எந்த ஊருக்கும் பொருந்தும் அறம் என்றே நான் எண்ணுகிறேன். இந்த விஷயத்தில் சட்டம் தரும் ஆறுதல் ஒன்றுதான். மது விற்கும் இடத்தில் மது அல்லாத பானங்களும் கிடைக்க வேண்டும், அவற்றில் ஒன்றாவது மிக மலிவான மதுபானத்தைவிட விலை கூடியதாக இருக்கக் கூடாது என்று ஜெர்மன் உணவகச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. லிட்டர் கணக்கிலும் விலையை ஒப்பிட வேண்டும் என்பதையும் அந்தப் பிரிவே வரையறுக்கிறது. அந்த மலிவான பானம் பெரும்பாலும் ஆப்பிள் சாறாகவோ தண்ணீராகவோ இருக்கும்.

இனி உணவுக்கு வருகிறேன். நான் முட்டை சாப்பிடுவேன். மீனும் இறைச்சியும் தொடுவதில்லை. இந்தப் பகுதியின் பழைய சமையலில் இறைச்சி கண்ணுக்குத் தெரியாத இடங்களிலும் கலந்திருக்கும். கீரை தெரியும் மவுல்டாஷன் என்ற பெரிய மாவுப் பொதியலுக்குள் அரைத்த இறைச்சியும் இருக்கும். 2009-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு பெற்ற இவ்வூர்ப் பெருமை அது. ஃப்லெட்லேசூப்பே என்ற தெளிந்த சூப்பில் மெல்லிய முட்டைத் தோசையைக் கீற்றுகளாக நறுக்கிப் போட்டிருப்பார்கள். மிதப்பதில் இறைச்சி இல்லை, ஆனால் சூப்பே மாட்டு எலும்பில் காய்ச்சியது. உணவுப் பட்டியலில் சில எழுத்துகளும் எண்களும் குறிக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஐரோப்பிய விதியின்படி 2014 டிசம்பர் 13 முதல் ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களைத் தெரிவிக்க வேண்டும் என்பதால் வந்தவை அந்த எழுத்துகள். கோதுமை, முட்டை, பால், கடுகு, எள் எல்லாம் அதில் அடங்கும், இறைச்சி அடங்காது. ஆகவே சைவர்களுக்கு அந்தக் குறிகளால் முழுப் பயன் இல்லை. வாய்விட்டுக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எனக்கு அதைச் சொல்லித் தந்தவர் ஒரு தமிழர். 1983-ஆம் ஆண்டு வன்முறைக்குப் பிறகு இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி ஜெர்மனிக்கு வந்த தமிழர்களில் பலருக்கு முதலில் கிடைத்த வேலை, உணவகங்களின் பின்கட்டில் பாத்திரம் கழுவுவது. மொழி பிடிபடுவதற்கு முன்பே கைக்குத் தொழில் பிடிபட்டு, அவர்களில் பலர் சமையற்காரர்களானார்கள். ஒரு வைன்ஷ்டூபேயில் நான் உருளைக்கிழங்குச் சாலட் கேட்டதைப் பரிமாறும் பெண் சமையலறைக்குள் போய்ச் சொல்ல, வெள்ளை மேலங்கியோடு ஒரு பெரியவர் வெளியே வந்தார். நெற்றியைப் பார்த்தாரோ பேச்சைக் கேட்டாரோ தெரியாது, நேரே தமிழிலேயே பேசினார்.

“தங்கச்சி, நீங்கள் மச்சம் சாப்பிடாத ஆளோ?” என்று கேட்டார். மச்சம் என்று அவர் சொன்னது மீனையும் இறைச்சியையும். ஆமாம் அண்ணா என்றேன். “அப்ப உந்தச் சாலட்டை எடுக்காதையுங்கோ. இறைச்சி அவிச்ச தண்ணி விட்டுத்தான் அதைக் குழைக்கிறது. கேஸ்ஷ்பெட்ஸ்லே தாறன், அதுக்குள்ளை மாவும் முட்டையும் சீஸும் வெங்காயமும்தான்.”

கூட்டம் குறைந்த பிறகு, சமையலறைச் சன்னல் வழியாக அது செய்யும் விதத்தையும் காட்டினார். ஈரப்படுத்திய சிறு மரப்பலகையில் தளர்ந்த முட்டை மாவை மெல்லியதாகப் பரப்பி, பலகையைக் கொதிக்கும் உப்புநீரின் மேல் சாய்த்துப் பிடித்து, நீண்ட தகட்டுக் கத்தியால் ஓரத்திலிருந்து சிறு சிறு கீற்றாக வழித்துத் தள்ளினார். ஒவ்வொரு கீற்றும் நீரில் மூழ்கி, வெந்ததும் மேலே எழுந்தது. உடனே அள்ளி எடுத்துச் சீஸோடு அடுக்கி, பொன்னிறமாக வறுத்த வெங்காயத்தை மேலே தூவினார். அழுத்திப் பிழியும் அச்சுகள் கடையில் கிடைத்தாலும், பலகையில் வழித்ததற்குத்தான் இங்குள்ளவர்களிடம் மதிப்பு அதிகம். தாங்கள் உயர்வாகப் போற்றும் உணவை வழித்துத் தருவது யாழ்ப்பாணத்துக் கை என்பது அந்த விடுதிக்கு வரும் எல்லோருக்கும் தெரியும். அவரைப் பெயர் சொல்லி அழைத்து நலம் விசாரித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

உள்ளூர் உணவகம் என்ற சொல்லுக்குள் வேறு பலரும் அடக்கம். 1955-இல் இத்தாலியோடும், 1960-இல் கிரேக்கத்தோடும், 1961-இல் துருக்கியோடும், 1968-இல் யூகோஸ்லாவியாவோடும் மேற்கு ஜெர்மனி செய்துகொண்ட ஒப்பந்தங்களின் வழியே தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்கள் திறந்த உணவகங்கள் இன்று இந்த ஊரின் சொத்து.

எனக்கு மிகவும் பிடித்தது இவற்றில் எதுவும் அல்ல, பேஸன் எனப்படும் தோட்டக்காரர் வீட்டு விடுதிதான். ஊல்பாக், ரோட்டன்பெர்க், ஊன்டெர்டியூர்க்ஹைம் போன்ற, நகரின் திராட்சைச் சரிவோரப் பகுதிகளில் நடந்து போனால், சில வீடுகளின் வாசலில் வண்ண நாடா கட்டிய துடைப்பம் ஒன்று கம்பத்தில் தொங்கும். துடைப்பம் தொங்கினால் வீடு திறந்திருக்கிறது என்று பொருள். ஆண்டில் நான்கு மாதங்களுக்கு மேல் நடத்தக் கூடாது, அதையும் இரண்டு தவணைகளுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும், 40 இருக்கைகளுக்கு மேல் போடக் கூடாது, தன் தோட்டத்து மதுவை மட்டுமே விற்க வேண்டும், எளிய உணவே தர வேண்டும் என்பவை இத்தகைய விடுதிகளுக்கு நெடுங்காலம் இருந்துவந்த விதிகள். பீர் கிடையாது. வரவேற்பறையோ, கொட்டகையோ, நிலவறையோ, எது கையில் இருக்கிறதோ அதில் நீளப் பலகைகளைப் போட்டு நடத்துகிறார்கள்.

இடம் குறைவு என்பதால் பேஸனில் தனி மேசை என்ற பேச்சுக்கே இடமில்லை. வந்தவரைப் பார்த்ததும் பலகையில் இருப்பவர்கள் தாமாகவே நெருங்கி உட்கார்ந்து இடம் விடுகிறார்கள். தெருவில் ஒரு தலையசைப்போடு நிறுத்திக்கொள்ளும் அதே மனிதர்கள், இங்கே முழங்கை இடிக்க உட்கார்ந்து, என் மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்பதிலிருந்து இந்த ஆண்டு மழை எப்படி என்பதுவரை கேட்கிறார்கள். மது அருந்தாத எனக்கு அதே தோட்டத்துத் திராட்சைச் சாற்றைக் கைப்பிடி வைத்த கண்ணாடிக் குவளையில் தருகிறார்கள்; குவளையின் பக்கத்தில் கால் லிட்டர் அளவுக்கோடு பொறித்திருக்கும், சாறு அந்தக் கோட்டைத் தொடாவிட்டால் நிரப்பித் தரும்படி கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. இலையுதிர் காலத்தில் வெங்காய அடையைத் தட்டுத் தட்டாகச் சுட்டு எடுத்து வருவார்கள். அதிலும் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் இருக்கக்கூடும் என்பதால் கேட்டு வாங்க வேண்டும். கேட்டதற்காக எவரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

கடைசியாக, நம் நாக்குக்கு மிக நெருக்கமான ஓர் உணவைப் பற்றிச் சொல்கிறேன். ஷ்பெட்ஸ்லே எனப்படும் அந்த முட்டை மாவுக் கீற்றுகளோடு பருப்புச் சேர்த்து உண்பது இவ்வூர் மக்களின் அன்றாடச் சாப்பாடு. குழைய வெந்த பழுப்புநிறப் பருப்பு, அதன் மேல் அவரவர் விருப்பம்போல் ஊற்றிக்கொள்ள மேசையில் ஒரு வினிகர் புட்டி. புளி கரைத்த பருப்புக் குழம்பில் வளர்ந்த ஒருவருக்கு அந்தப் புளிப்பின் அளவு தானாகக் கைக்கு வரும். இந்தப் பருப்பு ஒரு காலத்தில் ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே உள்ள ஷ்வேபிஷ் ஆல்ப் மேட்டுநிலத்தில் விளைந்தது. உழைப்பு அதிகம், விளைச்சல் குறைவு, இறக்குமதி மலிவு என்பதால் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் சாகுபடி நின்று, உள்ளூர் விதைகளும் காணாமல் போயின. லவுட்டராக் என்ற சிற்றூரின் விவசாயி வோல்டெமார் மம்மெல் 1980-களில் வேறு நாட்டு விதையைக் கொண்டு பருப்புச் சாகுபடியை மீண்டும் தொடங்கினார். தொலைந்துபோன ஆல்ப் பருப்பின் விதைகள் 2006-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து வவிலோவ் விதை வங்கியில் கண்டுபிடிக்கப்பட்டன. அங்கிருந்து வந்த சிறிதளவு விதையைப் பெருக்கி, இன்று ஒரு விவசாயிகள் குழுவே அதைப் பயிரிடுகிறது. பருப்புக் கொடி தானாக நிமிர்ந்து நிற்காது என்பதால் பார்லியோ ஓட்ஸோ சேர்த்து விதைத்து, அறுவடைக்குப் பிறகு இரண்டையும் பிரித்தெடுக்கிறார்கள்.

அந்தப் பருப்பு இப்போது ஸ்டுட்கார்ட் உணவகங்கள் சிலவற்றின் பட்டியலில் ஆல்ப்லின்சன் என்ற பெயரில் இடம்பெறுகிறது. விலை சற்றுக் கூடுதல்தான், ஆனால் வார நாளின் மதியச் சாப்பாட்டுப் பட்டியலில் வந்தால் கட்டுப்படியாகும். பல இடங்களில் மதியம் இரண்டு மணியளவில் சமையலறையை மூடிவிடுவார்கள், வாரத்தில் ஒரு நாளாவது முழு விடுமுறையும் உண்டு. கதவில் ஒட்டியிருக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். வழக்கமாக இந்தப் பருப்புச் சாப்பாட்டின் மேல் ஒரு ஜோடி சாஸேஜ் வைப்பார்கள், பருப்பிலும் பன்றிக்கொழுப்புச் சேர்த்திருப்பார்கள். சைவர்கள் இரண்டும் இல்லாமல் கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். பருப்பை ஏற்கெனவே கொழுப்போடு வேகவைத்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுவார்கள், அப்போது கேஸ்ஷ்பெட்ஸ்லே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.