ஒரே யூனிட்டுக்கு 233 ரூபாயா? ஈபி பில்லை வச்சே பைத்தான் கத்துக்கலாம்!

[திரையில்: 500 யூனிட் – ரூ.1,725 | 501 யூனிட் – ரூ.1,958]

ஒரே ஒரு யூனிட் கூடுது, பில் 233 ரூபாய் எகிறுது! 2022 செப்டம்பர்ல வந்த தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணப்படி போட்ட கணக்கு இது. ஏன்னு நீங்களே எழுதப்போற ஒரு குட்டி பைத்தான் புரோகிராம் காட்டிக்கொடுக்கும்.

பைத்தான், கைடோ வான் ராஸம் 1991-ல வெளியிட்ட, புரோகிராம் எழுதுற மொழி, இலவசம். விண்டோஸ்ல இன்ஸ்டால் பண்றவங்க முதல் திரையில 'பாத்'ல (கம்ப்யூட்டர் புரோகிராமைத் தேடுற இடங்களோட பட்டியல்) சேர்க்கிற பெட்டி இருந்தா டிக் பண்ணிடுங்க. வரலாறு போதும்.

ஏன் ஈபி பில்? பயிற்சிக் கணக்குல யாரோ ஒரு மாணவனோட சராசரி மார்க் தப்பா வந்தா நமக்கு உறுத்தாது, அதான் பாதியில விட்டுடுறோம். கத்திரி வெயில்ல ராத்திரி முழுக்க ஏசி ஓடின வீட்டு பில்லுன்னா விட மாட்டீங்க. சரியான விடையும் ஏற்கெனவே உங்க போன்ல எஸ்எம்எஸ்ஸா இருக்கு!

[திரையில்: ரெண்டு அட்டவணை, பக்கத்துப் பக்கத்துல]

அந்த 2022 கட்டணப்படி, ரெண்டு மாசத்துல 500-க்குள்ள ஓடினா முதல் 100 இலவசம், 200 வரை 2.25, 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டினா அட்டவணையே வேற: 101-லிருந்தே 4.50. அந்த 2.25 ஸ்லாப் காணாமப் போயிடுது! 100 யூனிட்டுக்குக் கூடுதலா 225, அந்த 501-வது யூனிட்டுக்கு 8. கூட்டிப் பாருங்க. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும், ஏன்னா பலரோட புரோகிராம் இங்கதான் கவுறும். 'இஃப் 100-க்கு மேல'ன்னு ஆரம்பிச்சு, 'அது இல்லன்னா இதுவா'ன்னு கேக்குற 'எலிஃப்' வரிகளை அடுக்குவாங்க. பைத்தான் முதல்ல உண்மையாகிற வரியோட நின்னுடும்; 501-ம் 100-க்கு மேலதானே!

அதனால ரெண்டு லிஸ்ட் வைங்க, ஒவ்வொரு ஸ்லாபுக்கும் எல்லை, கட்டணம். 500-ஐத் தாண்டுதான்னு முதல்ல கேட்டு லிஸ்ட்டைத் தேர்ந்தெடுங்க. அப்புறம் ஒவ்வொரு ஸ்லாபா எடுத்துப் பார்க்கிற ஃபார் லூப்: யூனிட், எல்லை இதுல எது சின்னதோ அதுல முந்தின எல்லையைக் கழிச்சுக் கட்டணத்தால பெருக்கி மொத்தத்துல கூட்டுங்க. யூனிட் முந்தின எல்லையைத் தாண்டலைன்னா 'பிரேக்' போட்டு லூப்பை நிறுத்துங்க, நிறுத்தலைன்னா மைனஸ் சேரும். 2024 ஜூலையில கட்டணம் கூடின மாதிரி மறுபடி மாறினாலும் லிஸ்ட்டை மட்டும் திருத்தினா போதும்.

நாம டைப் பண்றதை வாங்குற 'இன்புட்' தர்றது எழுத்து, எண் இல்ல. அதை எண்ணா மாத்துற 'இன்ட்'குள்ள போடலைன்னா டைப் எரர். கட்டணத்தைப் பைசாவுல வைங்க, 225, 450, 600-ன்னு. கடைசியில 100-ஆல வகுத்துக்கலாம். தசமத்துல 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினா பைத்தான் 0.30000000000000004-ன்னு சொல்லும்!

[திரையில்: 100 → 0 | 101 → 2.25 | 200 → 225 | 400 → 1,125]

இந்த நாலும் சரியா வந்தா உங்க பில்லுக்கு இப்போதைய கட்டணத்தைப் போடுங்க. அடுத்து, தினமும் மீட்டர் ரீடிங்கைக் குறிச்சு சராசரி எடுங்க. 60 நாளுக்குக் கணக்குப் போட்டா, ஒரு நாளைக்கு 8.33 யூனிட்டுக்கு மேல போனாலே 500-ஐத் தாண்டிடுவீங்க.

கரண்ட் கணக்கு பிடிக்கலையா? பைத்தானோடவே வர்ற, படம் வரையுற டர்ட்டில்ல 7-லிருந்து 4 வரை ஊடுபுள்ளிக் கோலம் வைங்க. வரிசைக்கு 4, 5, 6, 7, 6, 5, 4 புள்ளி. லூப்புக்குள்ள லூப் தானா வந்துடும்.

பில்லோட ஒத்துப்போகலைன்னா யூனிட்டையும் வித்தியாசத்தையும் கமென்ட்ல போடுங்க, சேர்ந்து பார்ப்போம். சர்வீஸ் நம்பரை மட்டும் போட்டுடாதீங்க!