கண்மாயை ஊருணி ஆக்க வேண்டாம்

(காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கண்மாய்ப் பாசனக்காரர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

கரையைப் பலப்படுத்தப் போகிறீர்கள், உள்ளே தூர் வாரவும் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். முதல் வேலைக்கு என் கைதட்டல் உண்டு. இரண்டாவதைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும். உள்ளே முழுக்க ஒரே ஆழமாகத் தோண்டினால் கண்மாய் ஊருணி மாதிரி ஆகிவிடும்.

ஊருணி நம் செட்டிநாட்டுக்கு அழகு. குடிதண்ணீருக்காக வெட்டியது, நாலு பக்கமும் செங்குத்தாக இறங்கும், படிக்கட்டு இருக்கும். ஆனால் அதில் கொக்கு நின்று பார்த்திருக்கிறீர்களா? படியில் வேண்டுமானால் உட்காரும். கால் வைக்க இடம் இல்லையே!

கண்மாய் வேறு. சரிவான நிலத்துக்குக் குறுக்கே பிறை மாதிரி மண் கரை போட்டு நீரை நிறுத்துகிறோம். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடைக்கு முன்னால் ஆழம். எதிர்ப்பக்கம், தண்ணீர் பரவி நிற்கும் உள்வாயில் போகப் போக முழங்கால் அளவு, கணுக்கால் அளவு, அப்புறம் வெறும் ஈரம். பறவைக்குச் சோறு போடுவது அந்தச் சரிவுதான். நத்தைகுத்தி நாரை அங்கே சேற்றில் நத்தை தேடும். கரண்டிவாயன் அலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசித் துழாவும். அரிவாள் மூக்கன் சேற்றைக் குத்தும். தண்ணீர் வற்ற வற்ற விளிம்பு மடையை நோக்கி நகர்ந்துகொண்டே வரும். நாளுக்கு நாள் புதுச் சேறு திறக்கும், குட்டையில் மீன் ஒதுங்கும். குஞ்சுகளுக்கு இரை தேவைப்படுகிற காலமும் அதுதான்.

பொக்லைன் வைத்து உள்வாய் முழுக்க ஒரே ஆழமாகத் தோண்டிவிட்டால் இந்த விளிம்பு காணாமல் போகும். சரி, பறவை போனால் போகட்டும், வயலுக்குத் தண்ணீர் கூடுமே என்பீர்கள். கூடாது ஐயா. மடை வாய்க்குக் கீழே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வாய்க்காலில் ஏறாது. அடியில் இருக்கும் களிமண் படலத்தைக் கிழித்துவிட்டால், நின்ற தண்ணீரும் பூமிக்குள் இறங்கிவிடும். கிணற்றுக்காரருக்கு அது லாபம்தான், கடைமடைக்காரருக்கு இல்லை.

நம் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி கண்மாய்களைப் பாருங்கள். 1977இல் பறவைகள் சரணாலயம் ஆனது. மூன்று கண்மாயும் சேர்ந்து மொத்தமே 38.4 ஹெக்டேர். தீபாவளிக்கு அந்த ஊர்க்காரர்கள் வெடி போடுவதில்லை என்று ஆண்டுதோறும் பத்திரிகையில் வருகிறது. அந்தச் செய்தியோடு நாம் நிறுத்திவிடுகிறோம். வெடிச் சத்தம் இல்லை என்பதற்காக மட்டும் பறவை வருவதில்லை. கூடு கட்ட நீருக்குள் கருவேல மரம் நிற்கிறது, இரை தேட ஆழம் குறைந்த தண்ணீர் சுற்றிலும் கிடக்கிறது. எச்சம் விழுந்த தண்ணீர் பாய்கிற வயலுக்கு உரமும் ஆகிறது.

இனி கரை. மண் கரையைப் பெரும்பாலும் உடைப்பது இரண்டு விஷயம்: மேலே வழிகிற தண்ணீர், உள்ளே துளைக்கிற தண்ணீர். மிகுந்த தண்ணீர் வழிந்து வெளியேறும் கலுங்கைச் சிலர், மீன் தப்பாமல் இருக்க, மண்மூட்டை போட்டு உயர்த்துகிறார்கள். மீன் குத்தகைக்காரர் முகத்தை நான் பார்க்கவில்லை (சிரிப்பு). கலுங்கு வழியாக மறுகால் போகாவிட்டால் வெள்ளம் கரை மேல்தான் ஏறும். எலி வளை, நண்டு வளைகளை மழைக்கு முன்னே அடையுங்கள். வெளிப்பக்கம் கரை அடியில் கசிவு தெளிவாக வந்தால் தினமும் போய்ப் பாருங்கள். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கே ஆள் கூட்டுங்கள்.

கரை மேல் முளைத்த சீமைக்கருவேலை எடுக்கலாம். வேர் மக்கினால் அதுவே தண்ணீருக்குப் பாதை. உள்வாயில் நிற்கும் நாட்டுக்கருவேலைத் தொடாதீர்கள்.

வண்டல் தேவைதான், வயலுக்கு நல்லது. மடைக்கு முன்னால் கரை அடியிலிருந்து தள்ளி, படிந்த வண்டலை மட்டும் எடுங்கள். கரையை ஒட்டித் தோண்டினால் கரை சரியும். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைப்பை எடுங்கள். உள்வாயின் மேல்பாதியில் மெஷின் இறங்க வேண்டாம். ஒப்பந்தத் தாளில் ‘சராசரி ஆழம்’ என்று ஒரே எண் போட்டிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எந்த இடத்தில் எவ்வளவு என்று வரைபடத்தில் குறித்துத் தரச் சொல்லுங்கள்.