த்ரோ-இன் பந்தைக் கோல்கீப்பர் கையால் பிடிக்கலாமா?

[காட்சி: செந்தூலில் ஒரு திடல், மாலை. பக்கக் கோட்டைத் தாண்டிப் போன பந்தைத் தற்காப்பு ஆட்டக்காரர் கோட்டோரம் நின்று கையால் உள்ளே எறிகிறார்: இதுதான் த்ரோ-இன். எறிவது தன் கோல்கீப்பருக்கே. கீப்பர் கையால் பிடிக்கிறார். விசில்.]

வணக்கம். கீப்பர் பந்தைக் கையால் தொடலாம் என்ற பெனால்டி பெட்டிக்குள்தான் நிற்கிறார். பிறகு ஏன் விசில்? இந்த இடத்தில் திடலோரத்தில் இருக்கும் அப்பாக்கள் எல்லாரும் ரெஃபரியைத் திட்டுவார்கள். தயவுசெய்து திட்டாதீர்கள், அவர் செய்தது சரி.

கீப்பர் கையால் எடுக்கலாமா என்பது பந்து யாரிடமிருந்து, எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது. எதிரணி அடித்தால் தாராளமாகப் பிடிக்கலாம். சொந்த ஆள் தலையால் முட்டியோ நெஞ்சால் தட்டியோ கொடுத்தாலும் பிடிக்கலாம். ஆனால் வேண்டுமென்றே காலால் உதைத்துக் கொடுத்தால் கூடாது. த்ரோ-இன்னை நேராகக் கீப்பருக்கே எறிந்தாலும் கூடாது.

[காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் படம், மெர்டேக்கா அரங்கம்]

'ஸ்பைடர்மேன்' என்று நாம் கொண்டாடிய ஆர். ஆறுமுகத்தை நினைத்துப் பாருங்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற மலேசிய அணியின் கீப்பர். 1988இல் சாலை விபத்தில் அவரை இழந்தோம். அவர் ஆடிய காலம் முழுக்க இந்தத் தடை கிடையாது. சொந்த ஆள் திருப்பி உதைத்த பந்தைக் கீப்பர் அள்ளிக்கொள்வார், உருட்டிவிடுவார், மறுபடி வாங்குவார். முன்னணியில் இருக்கும் அணி அப்படியே நேரத்தைக் கடத்தும். 1990 உலகக் கிண்ணத்தில் அது பார்க்கச் சகிக்கவில்லை. 1992இல் தடை வந்தது. த்ரோ-இன் வழி மட்டும் திறந்தே கிடந்தது. 1997இல் அதையும் அடைத்தார்கள். காற்பந்தைக் காப்பாற்றிய மாற்றம் இது என்றே நான் நம்புகிறேன்.

மீறினால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக், அதாவது இன்னொருவர் தொடாமல் நேராகக் கோல் அடிக்க முடியாத உதை. பெனால்டி கிடையாது, கையால் எடுத்ததற்காக அட்டையும் கிடையாது. பெட்டிக்கு வெளியே கையால் தொட்டால் கதை வேறு: அது டைரக்ட் ஃப்ரீ கிக், நேராகவே கோல் அடிக்கலாம். அங்கே பார்க்க வேண்டியது கீப்பரின் காலை அல்ல, பந்து இருக்கும் இடத்தை.

2025 முதல் இன்னொன்று. பந்தைக் கையில் 8 விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி 5 விநாடியை ரெஃபரி கையை உயர்த்தி விரல்விட்டு எண்ணிக் காட்டுவார்.

[காட்சி: எறிபவரின் பாதங்கள், மிக அருகில்]

ஃபுட்சாலில், அதாவது சிறு திடல் காற்பந்தில், பந்தைக் கோட்டில் வைத்துக் காலால் உதைத்தே வளர்ந்த பிள்ளைகள் பெரிய திடலில் தடுமாறுவது த்ரோ-இன் எறியும்போதுதான். இரண்டு பாதமும் தரையில், கோட்டின் மேலோ அதற்கு வெளியிலோ இருக்க வேண்டும். இரண்டு கையாலும் தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக எறிய வேண்டும். தவறினால் த்ரோ-இன் எதிரணிக்குப் போய்விடும்.

த்ரோ-இன்னிலிருந்து நேராகக் கோல் கிடையாது. எதிரணி வலைக்குள் போனால் கோல் கிக், சொந்த வலைக்குள் போனால் கார்னர்.

2002 செப்டம்பர், பர்மிங்ஹம் சிட்டி – ஆஸ்டன் வில்லா ஆட்டம். வில்லாவின் மெல்பெர்க் தன் கீப்பர் எங்கெல்மனுக்கு த்ரோ-இன் எறிந்தார். கையால் எடுக்க முடியாதே, அவர் காலால் நிறுத்தப் பார்த்தார். பந்து பாதத்தின் அடியில் நழுவி வலைக்குள் உருண்டது. ரெஃபரி கோல் கொடுத்தார். கால் பட்டதா இல்லையா என்பதுதான் வாக்குவாதம். படாமல் போயிருந்தால் பர்மிங்ஹமுக்குக் கிடைத்திருக்க வேண்டியது ஒரு கார்னர்.